சக்கர நாற்காலியில் அமர்ந்து மருத்துவம் செய்த மேரி வர்கீஸ்

வேலூரில் ஆறு உண்டு, நீர் இல்லை. கோட்டை உண்டு, அரசன் இல்லை என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். ஆனால் அவ்வூரில் மருத்துவமனை உண்டு, அதில் மருத்துவரும் உண்டு என்பதைத் தமிழர் மட்டுமன்றி வங்காளத்தாரும் அசாமியரும் எங்கள் அந்தமான் தீவினரும் நன்கறிவர். காட்பாடி நிலையத்தில் மூட்டை முடிச்சுடன் இறங்குவோரைப் பார்த்தால், பாதிப் பேர் நோயாளிகள், மறுபாதி அவர்களுக்குத் துணை வந்தோர் என்றே தோன்றும். 1900-ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சிறு மருத்துவ நிலையம் இன்று அத்துணை பெரிதாக வளர்ந்து நிற்கிறது. அவ்வம்மையாரின் வரலாறு நம் மன்றத் தோழர்கள் பலர் படித்ததே. அவர் நட்ட மரத்தில் பழுத்த மற்றோர் அம்மையாரைப் பற்றி எழுத விரும்புகிறேன். அவர் பெயர் டாக்டர் மேரி வர்கீஸ்.

கொச்சிக்கு அருகே செறாய் என்னும் ஊரில் 1925-ஆம் ஆண்டு பிறந்தார் மேரி. பழைய கணக்கில் பார்த்தால் சேர நாட்டு மகள். குறைவில்லாத குடும்பம், மதிப்புள்ள பெற்றோர், உடன்பிறந்தோர் பலர். மருத்துவம் பயில வேலூருக்கு வந்தார். அக்கல்லூரி 1918-இல் மகளிர் மருத்துவப் பள்ளியாகத் தோன்றி, 1942-இல் பட்டப் படிப்புக்கு உயர்ந்து, 1947-இல்தான் ஆடவரையும் சேர்த்துக்கொண்டது. பட்டம் பெற்ற பின் அங்கேயே பணியில் அமர்ந்தார். மகளிர் மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சி பெற வேண்டும் என்பது அவர் விருப்பம். அது வரையில் அவர் வாழ்க்கை, நம் காலத்துக் கெட்டிக்கார மாணவி ஒருத்தியின் வாழ்க்கையைப் போன்றதே. விரித்துரைக்க அதில் ஒன்றுமில்லை.

1954 ஜனவரி 30. இளம் மருத்துவர் சிலர் ஒரு வண்டியில் உல்லாசப் பயணம் புறப்பட்டனர். வழியில் வண்டி புரண்டது. பலர் சிறு காயங்களோடு பிழைத்தனர். மேரியின் முகம் கிழிந்தது. அது தையலில் கூடியது. ஆனால் முதுகெலும்பினுள் ஓடும் தண்டுவடம் நசுங்கியது. அது கூடவில்லை. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. அப்போது அவருக்கு வயது 28.

தண்டுவடம் நசுங்கினால் நேர்வது என்ன? மூளையிலிருந்து கால்களுக்குச் செல்லும் கட்டளையும், கால்களிலிருந்து மூளைக்கு வரும் செய்தியும் ஒருங்கே அறுந்து போகின்றன. கால் நகராது, சூடு பட்டாலும் தெரியாது. ஒரே இடத்தில் படுத்திருந்தால் நமக்கு வலிக்கிறது. தூக்கத்திலும் புரண்டு படுக்கிறோம். அந்த வலி நமக்கு இயற்கை அளித்த காவலன். காவலன் இல்லாத உடலில், எலும்புக்கும் படுக்கைக்கும் இடையே அகப்பட்ட தோலுக்கு இரத்தம் ஓடாமல், சில மணி நேரத்திலேயே சதை சாகத் தொடங்குகிறது. அதுவே படுக்கைப் புண். அதனோடு சிறுநீர்த் தொற்றும் சேர்ந்துகொள்ளும். முதல் உலகப் போரில் இவ்வாறு அடிபட்ட வீரரில் பெரும்பாலோர் மாண்டது குண்டினால் அன்று, இவ்விரண்டினால்தான். இரண்டாம் போரின்போது, 1944-இல், இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்னும் மருத்துவர் ஒரு பிரிவைத் தொடங்கினார். நோயாளியை இரவும் பகலும் இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் போடச் செய்தார். பின் கைகளுக்கு வலுவூட்டினார்; வேலை கொடுத்தார்; 1948-இல் அவர்களைக் கொண்டு வில்வித்தைப் போட்டியே நடத்தினார். இன்று உலகம் அறிந்த பாராலிம்பிக் விளையாட்டுகளின் வித்து அதுவே. ஆக, மேரி அடிபட்ட காலத்தில், இத்தகையோர் வாழலாம் என்னும் செய்தி உலகுக்கே புதிது. இந்தியாவில் அவரைப் போன்றோரை ஏற்றுப் பயிற்றுவிக்க உள்தங்கும் நிலையம் ஒன்றுகூட இல்லை.

அறுவைகள் பல நடந்தன. மாதங்கள் படுக்கையில் கழிந்தன. மருத்துவம் படித்தவர் ஆதலின், தம் நிலையை யாரும் சொல்லாமலே அறிந்துகொண்டார். அறியாதவனுக்கேனும் நாளைக்கு நடப்போம் என்ற நம்பிக்கை இருக்கும். அறிந்தவருக்கு அதுவும் இல்லை. வீட்டுக்கு அழைத்துச் சென்று வைத்துக் காப்பாற்ற வழியில்லாத குடும்பமன்று அவருடையது. அங்கே போய் ஓர் அறையில் அன்பான உறவினர் நடுவே அவர் வாழ்ந்து முடித்திருக்கலாம். அவ்வாறு வாழ்ந்து முடித்தோர் நம் நாட்டில் எத்தனையோ பேர்.

இந்த இடத்தில் டாக்டர் பால் பிராண்டு வருகிறார். பெயரைப் பார்த்து மயங்க வேண்டா. அவர் 1914-இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். ஆங்கிலப் பாதிரியாரின் மகன். இலண்டனில் தச்சு வேலையும் கட்டட வேலையும் பயின்று, பிறகு மருத்துவம் பயின்று, 1946-இல் வேலூருக்கு வந்தார். செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைச் சுற்றிப் பார்க்கச் சென்றபோது, கொக்கிபோல் மடங்கிய நோயாளியின் கையைப் பற்றியவர் திடுக்கிட்டார். அக்கையின் பிடி இரும்புப் பிடி! விரல்களை நீட்டும் சிறு தசைகள் மட்டுமே செத்துவிட்டன. மடக்கும் தசைகள் உயிரோடு இருக்கின்றன என்பது அவருக்குப் புலப்பட்டது. அன்றிலிருந்து தொழுநோயாளர் கைகளே அவர் ஆராய்ச்சி.

தொழுநோயால் விரல்கள் அழுகி விழுகின்றன என்று அந்நாளில் மருத்துவரும் நம்பினர். பிராண்டு நம்பவில்லை. உணர்விழந்த கையை நோயாளி தானறியாமல் சுட்டுக்கொள்கிறான், கிழித்துக்கொள்கிறான், புண்ணோடு வேலை செய்கிறான். அதனாலேயே விரல் தேய்கிறது என்று காட்டினார். இரவில் விரல் குறைந்து போன சிலரைக் காவலிருந்து பார்த்தபோது, எலி கடித்துத் தின்றது தெரிந்ததாம். அதன்பின் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள். கேட்க வேடிக்கையாக இருக்கிறது; நினைக்க நெஞ்சு நடுங்குகிறது.

மடங்கிய கையை அவர் நிமிர்த்திய விதம் அறிவியல் மாணவர் அறிய வேண்டிய ஒன்று. நம் விரல் ஒவ்வொன்றுக்கும் மடக்கும் நாண்கள் இரண்டு. ஒன்றைக் கடன் வாங்கினாலும் மற்றொன்று வேலை செய்யும். அவ்வாறு ஒரு விரலிலிருந்து எடுத்த நாணை நான்காகக் கிழித்து, நான்கு விரல்களின் பின்புறத்தில் உரிய இடத்தில் தைத்துவிடுவது ஒரு முறை. மடக்கிய தசை இப்போது நீட்டும் வேலையைச் செய்ய வேண்டும். சுமார் மூன்று வாரம் கை மாவுக்கட்டில் இருக்கும். கட்டைப் பிரித்ததும் விரல் நிமிர்ந்துவிடுமா? நிமிராது! மூளைக்கு அது தெரியாதே! வாழ்நாள் முழுதும் மடக்கு என்று ஏவிய நரம்பு இன்று நீட்டு என்று ஏவக் கற்க வேண்டும். இதைக் கற்பிப்பவர் அறுவை மருத்துவர் அல்லர். பக்கத்தில் அமர்ந்து, நாள்தோறும் சில சில நிமிடமாக, அந்தத் தசையைத் தொட்டுக் காட்டி, அசைக்கச் சொல்லி, தளர்ந்தால் நிறுத்தி, மீண்டும் தொடங்கும் இயன்முறைப் பயிற்சியாளர். அறுவை அரைநாள் வேலை. பயிற்சி பல வார வேலை. பயிற்சி இல்லையேல் அறுவை வீண்.

பால் பிராண்டு மேரியிடம் முன்வைத்த யோசனை எளியது. கை அறுவையை மருத்துவர் பொதுவாக நின்றுகொண்டு செய்வதில்லை. நோயாளியின் கையை மேசையில் நீட்டி வைத்து, எதிரே அமர்ந்துதான் செய்வார். அமர்ந்து செய்யும் தொழிலுக்குக் கால் எதற்கு? மேரி சக்கர நாற்காலியில் அறுவை அறைக்குள் நுழைந்தார். தொழுநோயாளரின் கைகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தலானார். அந்நாளில் தொழுநோயாளியைத் தொடுவதற்கு மருத்துவமனைப் பணியாளரே அஞ்சினர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இதை எழுதும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. அந்த மேசையின் ஒருபுறம் கையில் உணர்வற்றவன். மறுபுறம் காலில் உணர்வற்றவர். அவன் அடுப்பில் கை வைத்தாலும் அறியான். அவர் காலில் வெந்நீர் கொட்டினாலும் அறியார். நோயின் பெயர் வேறு, ஆபத்து ஒன்றே. வேறெந்த மருத்துவரைக் காட்டிலும் அந்நோயாளியை அவர் புரிந்துகொண்டிருப்பார் அன்றோ? நாற்காலியில் வரும் மருத்துவரைக் கண்ட நோயாளிக்கும், இவரே வேலை செய்கிறார், நமக்கென்ன என்ற எண்ணம் பிறந்திருக்கும்.

ஈண்டு எங்கள் ஊரைப் பற்றிச் சிறிது சொல்ல இடந்தர வேண்டும். நான் வளர்ந்த ஊர் பாராடாங். தென் அந்தமானுக்கும் நடு அந்தமானுக்கும் இடையே கிடக்கும் தீவு. பயணிகள் சுண்ணாம்புக் குகையையும் சேறு கக்கும் எரிமலையையும் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிடுவர். நாங்கள் அங்கேயே இருப்பவர்கள். ராஞ்சிப் பக்கத்தாரும் வங்காளிகளும் மலையாளிகளும் எம்மைப் போன்ற தமிழரும் கலந்து வாழும் ஊர். பெருநோய் என்றால் கால்வாயைத் தோணியில் கடந்து, ஜாரவா மக்களின் காட்டுச் சாலை வழியே காவலோடு செல்லும் வண்டி வரிசையில் சேர்ந்து, சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள போர்ட் பிளேருக்குச் செல்ல வேண்டும்; 2024 முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம். அங்கும் முடியாதெனில் வானூர்தியிலோ மூன்று நாள் கப்பலிலோ சென்னை, பின் வேலூர்.

போகும் வழியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். திரும்பி வந்த பின் நடப்பதைப் பேசுவதில்லை. எங்கள் தெருவில் மாமா ஒருவர் பாக்கு மரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தார். கடன் வாங்கிக் கடல் கடந்தார்கள். எலும்பில் தகடு வைத்து அனுப்பினார்கள். எலும்பு நன்றாகவே கூடியது. ஆனால் ஊருக்கு வந்ததும் அவரைக் கட்டிலை விட்டு இறங்க விடவில்லை, அன்பு அப்படி! அத்தை கஞ்சியைக் கையில் கொடுத்தார். பிள்ளைகள் தூக்கி உட்கார வைத்தனர். முழங்காலை மடக்கி நீட்டும் பயிற்சி எழுதிய தாள் ஒன்று மருந்துப் பையில் கிடந்தது. வலிக்கிறது என்றதும் அதை எடுத்து வைத்துவிட்டார்கள். நான்கு மாதத்தில் தொடைச் சதை வற்றிக் கால் குச்சியாயிற்று. முழங்கால் இறுகிப் பாதிக்கு மேல் மடங்கவில்லை. இன்று அவர் மரமும் ஏறுவதில்லை, தரையில் அமர்ந்து உண்பதும் இல்லை. மருத்துவம் தோற்றதா? இல்லை. பாதியில் நின்றது.

மூட்டு என்பது அசைவதற்காக அமைந்தது. அசையாத மூட்டைச் சுற்றியுள்ள உறை சுருங்குகிறது. தசை நாளுக்கு நாள் மெலிகிறது. எலும்பு முறிவு, முழங்கால் மாற்று, பக்கவாதம் ஆகிய எல்லாவற்றிலும் இக்கணக்கு ஒன்றே. எனவே எப்போது அசைக்கத் தொடங்குவது, எவ்வளவு அசைப்பது, எவ்வளவு எடை ஊன்றுவது என்று அளந்து சொல்லும் கலையும் மருத்துவமே. மருத்துவத்துக்குப் பின் வரும் உபசாரம் அன்று. இந்த எண்ணத்துக்கு நம் நாட்டில் ஒரு வீடு கட்டியவர் மேரி வர்கீஸ் என்பதாலேயே அவரைப் பற்றி எழுத முனைந்தேன்.

அவருக்கும் அது எளிதில் கிட்டவில்லை. அறுவை மருத்துவராகப் பெயர் பெற்றும், அன்றாட வாழ்வில் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகருக்குச் சென்றார். தண்டுவடம் அடிபட்டோருக்கென்றே அங்கு ஒரு பிரிவு இருந்தது. அத்தகைய இடங்களில் கற்பிப்பவை பெரிய தத்துவங்கள் அல்ல. கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தோள் வலிமையால் தாவுவது எப்படி? நாற்காலிக் கைகளை ஊன்றி உடலைத் தூக்கி, இருக்கையின் அழுத்தத்தைச் சிறிது நேரத்துக்கு ஒருமுறை நீக்குவது எப்படி? நாள்தோறும் கண்ணாடி வைத்துத் தன் முதுகுத் தோலைத் தானே சோதிப்பது எப்படி? சிறுநீர்ப் பையை நேரம் தவறாமல் கவனிப்பது எப்படி? இவை தெரிந்தால் வாழ்வு. தெரியாவிட்டால் சில மாதத்தில் புண். எத்தனை உயிர்கள் இச்சிறு பாடங்கள் தெரியாமையால் போயின!

பெர்த்தில் அவர் நோயாளியாகவும் மருத்துவராகவும் ஒருங்கே இருந்தார். தாம் பெற்றதை நாட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்ற ஆவல் வளர்ந்தது. அடுத்து நியூயார்க். அங்கே டாக்டர் ஹோவர்டு ரஸ்க் நடத்திய மறுவாழ்வு மருத்துவ நிலையம் உலகப் புகழ் பெற்றது. இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற விமானப் படையினரைப் படுக்கவைத்துக் காப்பதைவிடப் பயிற்சி தந்து எழுப்புவதே மேல் என்று கண்டவர் ரஸ்க். நோயைத் தடுப்பது முதல் படி, தீர்ப்பது இரண்டாம் படி, தீர்ந்தவனை வாழ்வில் மீண்டும் அமர்த்துவது மூன்றாம் படி என்பது அவர் கொள்கை. முன்பின் அறியாத குளிர் நாட்டில், நாற்காலியில் அமர்ந்தபடியே, மேரி அத்துறையில் சிறப்புப் பயிற்சி பெற்றார். எத்தனையோ பேர் மேல்நாட்டில் படித்து அங்கேயே தங்கிவிடுகிறார்கள். சரிவுப் பாதையும் மின்தூக்கியும் உள்ள அந்நாட்டில் தங்க அவருக்குத்தான் உண்மையான காரணம் இருந்தது. அவர் திரும்பினார்.

1963-இல் வேலூரில் உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறையின் தலைமையை ஏற்றார். நோயாளிகள் உள்ளே தங்கிச் சிகிச்சை பெறும் வசதியோடு இந்தியாவில் அமைந்த முதல் துறை அது. 1966-இல், கல்லூரி அமைந்துள்ள பாகாயத்தில், மறுவாழ்வு நிலையம் எழுந்தது. அதுவும் அவ்வகையில் நாட்டிலேயே முதலாவது. இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய குழந்தைகள், தென்னையிலும் பனையிலும் கிணற்றிலும் விழுந்து தண்டுவடம் முறிந்த உழவர்கள், கை கால் இழந்தோர், மூளை அடிபட்டோர் எனப் பலரும் அத்துறையை நாடி வந்தனர். இயற்கையாகப் பரவும் இளம்பிள்ளை வாத வைரசு 2011-க்குப் பின் இந்தியாவில் ஒருவரையும் தாக்கவில்லை. ஆனால் மரத்திலிருந்து விழுவோரும் சாலையில் அடிபடுவோரும் குறையவில்லை.

மறுவாழ்வு ஒருவர் செய்யும் தொழில் அன்று. மருத்துவர், இயன்முறைப் பயிற்சியாளர், தொழில்வழிப் பயிற்சியாளர், செயற்கைக் கால் செய்பவர், குடும்ப நிலையை ஆராயும் சமூகப் பணியாளர் எல்லோரும் ஒரே நோயாளியைப் பற்றி ஒன்றுகூடிப் பேச வேண்டும். வேலூரில் அவர்களோடு இன்னொருவரும் சேர்ந்தார். நோயாளியின் தாயோ மனைவியோ மகனோ. மேல்நாட்டில் நோயாளியைச் செவிலியர் பார்த்துக்கொள்வர். இங்கே உறவினர் உடன் தங்குவர். அவரையே பயிற்றுவித்தால், வீடு திரும்பிய பின்னும் பயிற்சி நிற்காது. என் கருத்தில், நியூயார்க்கில் கற்றதை நம் மண்ணுக்கு ஏற்ப மாற்றியதில் இதுவே சிறந்தது. எங்கள் அத்தைக்கு இப்படி ஒருவர் ஒரு வாரம் கற்றுக் கொடுத்திருந்தால், அந்தத் தாள் பையிலேயே கிடந்திராது.

மேரி வர்கீஸைப் பற்றி மேடையில் பேசுவோர் பெரும்பாலும் அவரது மன உறுதியைப் புகழ்ந்து அமர்ந்துவிடுகிறார்கள். மன உறுதி இருந்தது உண்மையே. ஆனால் அதை மட்டும் சொல்வதில் ஒரு தீங்கு உண்டு. எழாதவனுக்கு உறுதி போதவில்லை என்று பழி சொல்ல அது இடமளிக்கிறது. மேரியை எழுப்பியது உறுதி மட்டுமன்று. பலமுறை அறுவை செய்யத் தக்க மருத்துவமனை இருந்தது. வேலை கொடுக்கத் துணிந்த ஆசிரியர் இருந்தார். கடல் கடந்து பயிற்சி பெற வாய்ப்பு இருந்தது. நாற்காலி நுழையும் வாயில் இருந்தது. இவை எதுவும் இல்லாத உழவனுக்கு இவற்றில் சிலவற்றையேனும் ஆக்கித் தர வேண்டும் என்றுதான் அவர் எஞ்சிய வாழ்நாளைச் செலவிட்டார். உறுதி போதும் என்று நினைத்திருந்தால் அவர் நூல் எழுதியிருப்பார். நிலையம் கட்டியிருக்க மாட்டார்.

நூலைப் பிறர் எழுதினர். அமெரிக்க எழுத்தாளர் டொரத்தி கிளார்க் வில்சன் 1963-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட அவரது வாழ்க்கை வரலாறு பல நாடுகளில் படிக்கப்பட்டது. 1972-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. அவர் பெயரால் அறக்கட்டளை ஒன்றும் ஏற்பட்டது. இவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். விருதுகள் எல்லோர் வரலாற்றிலும் ஒன்றுபோலவே இருக்கும்.

பாகாயத்து நிலையம் இன்றும் நடைபெறுகிறது. பயிற்சி முடித்துச் சென்ற பழைய நோயாளிகள் மீண்டும் வந்து கூடும் விழாவும் அங்கு நடத்துகிறார்கள். கடைக்காரராக, தையற்காரராக, ஆசிரியராக, தம் நாற்காலியைத் தாமே உருட்டிக்கொண்டு வருகிறார்கள்.

மேரி வர்கீஸ் 1986 டிசம்பரில் தம் 61-ஆம் வயதில் வேலூரில் காலமானார். முதல் உலகப் போர்க் காலத்தில் இத்தகைய காயம் பட்டோர் பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ மடிந்தனர் என்று கண்டோம். அவர் நாற்காலியில் வாழ்ந்தது ஏறத்தாழ 33 ஆண்டுகள்.